பன்னிரண்டு லட்ச ரூபாய் இருமல்

ரெக்கார்டு மேல் ஊசி இறங்கிவிட்டது. இனி இந்தப் பக்கம் முடிகிற வரைக்கும் இருபத்திரண்டு நிமிஷம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் இந்த வீட்டுச் சட்டம், மிக்சி ஓடக் கூடாது, ஃபேன் சுற்றக் கூடாது, குக்கர் வைத்திருந்தால் விசில் வருவதற்குள் அம்மா அடுப்பை அணைத்துவிட வேண்டும், ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி என்றால் அம்பத்தூரில் எங்கள் வீடு மட்டும் இழவு வீடு. இன்றைக்குக் கடைசி ஞாயிறு. அப்பாவின் நாற்காலியில், அப்பா தவிர யாரும் உட்காரக் கூடாத நாற்காலியில், போரூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிற உமாபதி உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய மச்சான் காலாட்டிக்கொண்டு, அவர்களுக்கு நேர் பின்னால் தரையில் சுவரில் சாய்ந்து நான், ரெக்கார்டு பிளேயர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அப்பா. எதிரில் அந்த ரெண்டு ஸ்பீக்கர் பெட்டியும். ஆள் உயரம், தேக்கு நிறம், பன்னிரண்டு லட்சம். இப்போது எட்டுக்குக் கேட்கிறார்கள், போகட்டும், எத்தனைக்குப் போனாலும் தொலையட்டும் என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். தொள்ளாயிரம் ரூபாய்க்கு நீல நிறத்தில் டப்பா மாதிரி ஒரு ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன், அதிலும் இதே பாட்டுதான் வருகிறது, வார்த்தை புரிகிறது, தாளம் புரிகிறது, வேறு என்ன வேண்டும்? இதை அப்பாவின் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். திருநின்றவூரில் தாத்தா விட்டுப்போன ஒரு கிரவுண்டு மனை போய்த்தான் இது வந்தது, எனக்கு ஒன்பது வயது அப்போது, அன்றைக்கே அம்மா இதற்குப் பேர் வைத்துவிட்டாள், அரை கிரவுண்டு இந்தப் பக்கம், அரை கிரவுண்டு அந்தப் பக்கம். “தர்ஷி, அந்த அரை கிரவுண்டு மேல டம்ளரை வெச்சது யாருடி, உங்கப்பா பாத்தா உசுரை விட்டுருவாரு.” மாமா வந்தால், “வாண்ணா, எங்க மனை பாடுது, கேட்டுட்டுப் போ.” அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். சிரிப்பார், கேட்கக் கேட்கத் தெரியும் என்பார். என்ன தெரியும்? இந்த ரெக்கார்டு ஏதோ கச்சேரியில் நேரடியாகப் பிடித்தது, பாட்டுக்காரம்மா ஆரம்பித்து நாலாவது நிமிஷம், மிருதங்கம் சேர்வதற்கு முன்னால், அந்தம்மா மூச்சு எடுக்கிற இடைவெளியில் சபையில் யாரோ ஒரு ஆள் இருமுகிறார். வலது பக்கம், மூணாவது வரிசை, வேட்டி கட்டின ஆள் என்பார் அப்பா. வேட்டி எப்படித் தெரியும் என்றால், “இருமுறதுலயே தெரியுது பாரு.” வாங்கின முதல் ஞாயிறு எங்களை உட்கார வைத்து, ஆள்காட்டி விரலைத் தூக்கி, “இப்ப” என்றார். இருமல் வந்தது. “கேட்டுச்சா? பழைய செட்டுல இது கிடையாது.” அம்மா விடவில்லை. “பன்னண்டு லட்சம் குடுத்து இருமலா கேப்பாங்க, நான் சும்மாவே இருமிக் காட்டறேனே” என்று இருமியும் காட்டினாள், நான் உருண்டு உருண்டு சிரித்தேன். அப்பா என் பக்கம் திரும்பி, “உனக்குக் கேட்டுச்சா கண்ணு?” என்றார். இல்லை என்றேன். கேட்டது. அந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டு இருமினது வரைக்கும் கேட்டது. அம்மா அவ்வளவு சிரித்துக்கொண்டிருந்தாள், நான் அம்மா கட்சி, அதனால் இல்லை என்றேன். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை, இயற்பியல் மிஸ்ஸிடமே எழுந்து நின்று உங்களுக்கு இது புரியுதா மிஸ் என்று கேட்டு வெளியே நின்றவள், ஆனால் இந்த ஒன்றில் மட்டும் ஒன்பது வருஷப் பொய், ஒவ்வொரு ஞாயிறும் விரலைத் தூக்குவார், கேட்டுச்சா என்பார், இல்லை என்பேன். இந்த வருஷம்தான் கேட்பதை நிறுத்திவிட்டார். இந்த வருஷம் என்னிடம் எதையுமே கேட்பதில்லை.

தம்பூரா ஆரம்பித்துவிட்டது. உமாபதி கண்ணை மூடிக்கொண்டார், கண்ணை மூடினால் ரசிக்கிறதாக அர்த்தம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மச்சான் ஸ்பீக்கர் அடியில் இருக்கிற ஆணிக்கால்களைப் பார்க்கிறான். பாட்டுக்காரம்மா வாயைத் திறந்தாள். எங்கே? ஒரு நிமிஷம். எங்கே அவள்? நான் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, கண் தானாக ரெண்டு பெட்டிக்கும் நடுவில் போகிறது, அந்த வெறும் சுவருக்கு, காலண்டர் மாட்டக் கூடாது என்று அம்மாவோடு சண்டை போட்டு வெறுமையாகவே வைத்திருக்கிற இடத்துக்கு. அவள் எப்போதும் அங்கேதான் இருப்பாள். அப்பா யாருக்கு விளக்கினாலும் இதைத்தான் சொல்வார், காசு பெட்டிக்குக் குடுக்கல சார், நடுவுல இருக்கற காலி இடத்துக்குக் குடுத்தேன், அங்க ஒண்ணுமே இல்ல பாருங்க, ஆனா அங்கதான் உக்காந்திருக்காங்க. அது உண்மை. நான் ஒத்துக்கொண்டதில்லை, ஆனால் உண்மை. சின்ன வயதில் ரெக்கார்டு ஓடும்போது அந்தச் சுவர்ப் பக்கம் குறுக்கே போக மாட்டேன், இடித்துவிடுவேனோ என்று. இன்றைக்கு அங்கே யாரும் இல்லை. குரல் இருக்கிறது, அறை முழுக்க இருக்கிறது, இடது ஓரம், வலது ஓரம், என் பின்மண்டைக்குள்ளே, ஆனால் ஆள் இல்லை. புகை மாதிரி. பீரோவை நகர்த்தியதாலா? ஜன்னல் திரையைத் துவைக்கப் போட்டதாலா? இல்லை, இது எனக்குத் தெரியும், பன்னிரண்டு வயதில் அப்பாவே செய்து காட்டினது. ஒரு பெட்டியில் மட்டும் ஒயரை மாற்றிச் சொருகினார், பிளஸ்ஸில் மைனஸ், மைனஸில் பிளஸ். “இந்தப் பெட்டி காத்தை முன்னாடி தள்ளும்போது அந்தப் பெட்டி பின்னாடி இழுக்கும், ரெண்டும் அடிச்சுக்கும், பேஸ்னு சொல்ற கனத்த சத்தம் போயிரும், நடு காலி. பாரு, அவங்களைக் காணோமா?” திருப்பிச் சொருகி, “இப்பப் பாரு. வந்துட்டாங்களா?” வந்துவிட்டாள். நான் தோளைக் குலுக்கினேன். ஆனால் நேற்று சொருகினதும் அப்பாதானே. வருகிறவர்களுக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தார். அவரே முறுக்கிச் செய்த செப்பு ஒயர், ரெண்டு இழைக்கும் ஒரே வெள்ளை உறை, எது பிளஸ் என்று தெரிய முனையில் என் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு. பாலிஷ் உரிந்துபோயிருக்கும். உரிந்தால் என்ன, அவர் பொட்டைப் பார்த்துச் சொருகுகிற ஆள் இல்லை, சொருகிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார், கண்ணை நம்பாத, காது சொல்லிரும் என்பார். நேற்றும் உட்கார்ந்தார். இதே ரெக்கார்டு. நான் வாசல் பக்கம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முழுசாக அஞ்சு நிமிஷம் கேட்டுவிட்டு எழுந்து வந்து அம்மாவிடம் சொன்னார், சரியா இருக்கு. அறையைப் பூட்டிவிட்டு சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சரியா இருக்கு என்றார். இது எப்படிச் சரி? ஒரு குண்டூசி விழுந்தால் எந்த மூலை என்று சொல்கிற ஆள். கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் இருபத்தைந்து வருஷம் காதில் பஞ்சு, அதன் மேல் ரப்பர், அதன் மேல் மூடி என்று மூன்று அடுக்கு போட்டுக்கொண்டு வேலை பார்த்து, மற்ற ஃபோர்மேன்கள் எல்லாம் குணசீலன் காதுக்குக் கல்யாணம் பண்ணப் போறான்டா என்று கிண்டல் பண்ணின ஆள். எப்படிச் சரி?

நாலாவது நிமிஷம் வந்துகொண்டிருக்கிறது. அப்பாவின் விரல் தொடைப் பக்கம் தயாராக இருக்கிறது, பார்க்கிறேன், லேசாகத் துடிக்கிறது. அந்தம்மா மேலே போய் நிற்கிறாள், இறங்குகிறாள், மூச்சு. இருமல். வலது பக்கம், கலங்கலாக, ஆனால் இருமல்தான், வேட்டி கட்டின ஆள்தான். விரல் எழும்பவில்லை. அடுத்த வரி ஆரம்பித்துவிட்டது, அப்பா இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார், தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, இடது காதை முன்னால் கொடுத்துக்கொண்டு, இதோ வரப்போகிறது என்று. வந்து போய்விட்டதுப்பா. அப்பா, அது போய்விட்டது. மிருதங்கம் சேர்ந்ததும் அவருடைய முகம் ஒரு தரம் மாறியது, விரல் மெதுவாக மடங்கியது, உமாபதியைப் பார்த்து எதற்கோ சிரித்தார். வலது காது. பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் எழுந்து காதுல விசில் அடிக்குது என்றார், தலை சுற்றுகிறது என்று நாலு நாள் லீவு, பீரோ மேல் ஸ்கேன் எடுத்த பை ஒன்று இருந்தது, நான் என்னவென்று கேட்கவில்லை, என் பரீட்சைப் பயத்தில் நான் இருந்தேன். அதற்கப்புறம் சாப்பிடும்போது இடம் மாறினார், சுவர் அவருக்கு வலது பக்கம் வருகிற மாதிரி. போன் இடது காதுக்குப் போனது. பிரஸ் ஷாப்பிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றிக்கொண்டார், வயசாகுதில்ல என்றார். தெருவில் நடந்தால் என்னைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வருவார். நான் என்ன நினைத்தேன்? என் பக்கத்தில் நடக்கப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். கணக்குப் பரீட்சைக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தவளோடு எந்த அப்பனுக்குப் பேசப் பிடிக்கும்? ஜூனில் டீசி வாங்கப் போனோம். பிரின்சிபல் மேடம் அறைக்கு வெளியே நீள பெஞ்சு, இன்டர்வல், பிள்ளைகள் காட்டுக் கத்தல் கத்திக்கொண்டிருந்தார்கள், நான் அப்பாவுக்கு வலது பக்கம். வலது பக்கம்தான். அவர் எதிரில் நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், சாரிப்பா, தப்பு பண்ணிட்டேன், பயமா இருந்துச்சு, அதான் போகல, உன்கிட்ட சொல்லவும் பயமா இருந்துச்சு. என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே சாரி. அவர் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “தண்ணி குடிக்கறியா?” என்றார். அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன், இந்த ஆளுக்கு என் சாரி வேண்டாம், எனக்கும் இந்த ஆள் வேண்டாம். தண்ணி குடிக்கறியா. நான்கு மாசமாக அந்த வார்த்தையை வைத்து அவரை வெறுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஸ்பீக்கரை விற்கிறேன் என்று சொன்னபோதுகூட, “தர்ஷி மறுபடி எழுதட்டும், காலேஜ் போட்டும், அதுக்கு வேணும்” என்றார், நான் எந்தக் காலேஜுக்கும் போகல, என் பேரைச் சொல்லி விக்காத என்று கத்தினேன், குற்ற உணர்ச்சி வர வைக்கிறார் என்று நினைத்தேன். அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தெரியுமா? தெரியும். இந்த வருஷம் அம்மா கிரவுண்டு ஜோக் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒற்றைக் காதுக்கு இடமும் வலமும் கிடையாது, அப்புறம் நடு எங்கிருந்து வரும்? அப்பாவுக்கு அந்தப் பாட்டுக்காரம்மா பிப்ரவரியிலேயே இந்த அறையை விட்டுப் போய்விட்டாள். எட்டு மாசமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், ஃபேனை அணைத்துவிட்டு.

“சார், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க” என்று மச்சான் பேச ஆரம்பித்துவிட்டான், பாட்டு ஓடும்போதே, இந்த அறையில் இதுவரை யாரும் செய்யாதது. “பேஸ் ரொம்ப கம்மியா இருக்கே? மிருதங்கம் தட்டு தட்டுற மாதிரி இருக்கு.” அப்பா அவன் பக்கம் இடது காதைத் திருப்பி, ஒரு தரம் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டு, பிறகு அந்த மெதுவான குரலில், பாடம் நடத்துகிற குரலில், “இது சுத்தமான பேஸ் சார். இடிக்காது. கார்ல கேக்கற பேஸ் வேற, அது வெறும் உப்பல். கேக்கக் கேக்கத் தெரியும்” என்றார். இடிக்க வேண்டும் அப்பா. இந்த இடத்தில் மிருதங்கம் வயிற்றில் வந்து இடிக்கும், நீதான் என் கையைப் பிடித்து ஸ்பீக்கர் முன்னால் வைத்துக் காட்டினாய். மச்சான் உமாபதி பக்கம் சாய்ந்தான், ரகசியம் பேசுகிறதாக நினைத்து எல்லாருக்கும் கேட்கும்படி, “மாமா, உண்மையைச் சொல்லு, எட்டு லட்சத்துக்கு இதுல என்ன இருக்கு? ஒங் கார்ல இருக்கறதே இதைத் தூக்கிச் சாப்பிடும். பெருசு நமக்குக் காது குத்தப் பாக்குது.” உமாபதி கண்ணைத் திறந்தார். நல்ல மனுஷன்தான், சங்கடமாகச் சிரித்தார், “இல்ல குணசீலன் சார், நாங்க வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு...” என்று நாற்காலிக் கையைப் பிடித்து எழப்போனார். அப்பா, “இருங்க சார், இந்தப் பக்கம் முடியட்டும், முடியற வரைக்கும் கேளுங்க” என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அப்பா கெஞ்சி நான் பார்த்ததில்லை, மனையை விற்றபோது மாமாக்கள் எல்லாம் சூழ்ந்துகொண்டு திட்டினபோதுகூட. காசுக்காகக் கெஞ்சவில்லை, அது எனக்குத் தெரிகிறது, இதில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார்களே, அதற்காக. ஒன்பது வருஷமாக நானும் அதையேதான் சொன்னேன். அந்த மச்சானும் நானும் ஒரே கட்சி. இப்போது என்ன செய்வேன்? எழுந்து, அப்பா நீ ஒயரை மாத்திச் சொருகிட்ட, உனக்குக் கேக்கல என்று சொல்லலாம், நான் அப்படிச் சொல்கிற ஆள்தான், பட்டென்று, அதற்குத்தான் வீட்டில் எனக்குப் பேர். இந்த ரெண்டு பேர் முன்னால். அவருடைய காதைப் பற்றி. அதைவிட அந்தப் பெட்டியைத் தூக்கி என் தலையில் போட்டுக்கொள்ளலாம். பேசாமல் இருந்தால்? பெருசு ஏமாற்றிவிட்டான் என்று போரூர் வரைக்கும் சொல்லிக்கொண்டு போவார்கள், அப்பா இந்த அறையில் தனியாக நின்று எங்கே தப்பு என்று தேடுவார், தேடிக் கண்டுபிடிக்க அவரிடம் காது இல்லை.

எழுந்துவிட்டேன். கால் மரத்துப்போயிருந்தது. போய் ஊசியைத் தூக்கினேன், ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன், ரெண்டையும் நான் தொடக் கூடாது. “நான்தான்பா” என்றேன், சத்தமாக, அறைக்கே கேட்கும்படி. “காலைல பெருக்கும்போது இந்தப் பக்கத்து ஒயரை இழுத்துட்டேன். கழண்டு வந்துருச்சு. திருப்பிச் சொருகறப்ப மாத்திட்டேன் போல. பயந்துட்டு சொல்லல.” அப்பா என்னைப் பார்த்தார். அவர் கை சட்டைப் பைக்குப் போனது, சாவி அங்கேதான் இருக்கிறது, ராத்திரியிலிருந்து இந்த அறை பூட்டிக் கிடந்தது, வந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போதுதான் அவரே திறந்தார், பெருக்கினதும் அவரே, நேற்று. சாவியைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. மச்சான், “அதானே பாத்தேன்!” என்றான். “பாத்துப் பெருக்கக் கூடாதாம்மா” என்றார் அப்பா, சட்டைப் பையிலிருந்து கையை எடுத்துவிட்டு. நான் இடது பெட்டிக்குப் பின்னால் போய் மண்டியிட்டேன். திருகைத் தளர்த்தினேன். ஒரு முனையில் சிவப்பு இருந்த தடம்கூட இல்லை, வழவழவென்று வெள்ளை, இன்னொன்றும் வெள்ளை, பாவம், இதில் எதைப் பார்த்துச் சொருகுவார்? மாற்றிச் சொருகித் திருகினேன். வெளியே வந்து ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன், ஊசியை முதலிலிருந்து வைத்தேன், மெதுவாக, கீறாமல், அவர் வைக்கிற மாதிரி. அதற்கப்புறம் சுவருக்குத் திரும்பிப் போகவில்லை, அப்பாவைச் சுற்றிக்கொண்டு அவருடைய இடது பக்கம் போய் நின்றேன். தம்பூரா. பிறகு அவள். ஐயோ, வந்துவிட்டாள். வெறும் சுவருக்கு முன்னால், ரெண்டு பெட்டிக்கும் சம்பந்தமே இல்லாமல், உட்கார்ந்த உயரத்தில் வாய், மூச்சு இழுக்கிறது தெரிகிறது. நான் நின்ற இடம் ஓரம்தான், இருந்தாலும் இருந்தாள். உமாபதி நிமிர்ந்தார். “டேய்” என்றார் மச்சானிடம். அப்பா ஸ்பீக்கர் பக்கமே பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், என் கண் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த இடத்தை, அந்த வெறும் சுவரை அவரும் பார்த்தார். “நடுவுலயா?” என்றார், உதடு மட்டும் அசைகிற மாதிரி. தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார், சரி, சரி என்று. பன்னிரண்டு லட்சம் தகுமா தகாதா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால் அடித்துவிடுவேன். நாலாவது நிமிஷம் வந்துகொண்டிருந்தது. அவள் மேலே போனாள், நின்றாள், இறங்கினாள். அவள் மூச்சுக்கு வாய் திறக்கும்போதே அவருடைய இடது தோளை அழுத்தினேன். அப்பாவின் விரல் எழுந்தது. “இப்ப” என்றார். இருமல் வந்தது, வலது பக்கம், மூணாவது வரிசை, வாயைப் பொத்திக்கொண்டு, வேட்டி கட்டின ஆள். “கேட்டீங்களா சார்?” உமாபதி முழித்தார். “எது சார்?” மச்சான், “தெருவுல எவனோ இருமுறான் மாமா” என்றான். அப்பா சிரித்தார், விரல் இன்னும் மேலேயே இருந்தது, இறக்க மறந்துவிட்டார். என் பக்கம் திரும்பினார், அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன், வாய் திறந்தது, கேட்கவில்லை. நான் அவருடைய இடது காதுக்குக் குனிந்தேன். “கேட்டுச்சுப்பா” என்றேன். “அன்னைக்கே கேட்டுச்சு.”